உயிர் காக்கும் மருந்தும் கருவளமும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்தைக் கண்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மருந்தை உட்கொண்டவர்கள் அதில் எண்களாக இடம்பெறுவதோடு மறைந்துவிடுகின்றனர். புற்றுநோய்க்கு அளிக்கப்படும் இரசாயனச் சிகிச்சையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. வைத்தியசாலைகளிற் கீமோதெரபி என்றும் மக்கள் வழக்கிற் 'கீமோ' என்றும் சொல்லப்படும் இச்சிகிச்சை 1940களில் தொடங்கி இன்றுவரை எண்ணற்றோரின் உயிரைக் காத்துள்ளது. அதே வேளையில், உயிர் பிழைத்தவர்களுட் பலரின் மகப்பேற்று ஆற்றலை அது குறைத்துமிருக்கிறது. சிலரிடத்து முற்றாக அழித்துமிருக்கிறது. இவ்விளைவு எப்போது அறியப்பட்டது, அறியப்பட்டபின் எவர்க்குச் சொல்லப்பட்டது, எவர்க்குச் சொல்லப்படாமற் போனது என்னும் வினாக்கள் சமூக வரலாற்று மாணவருக்கும் உரியனவாகும்.

மலையகப் புகையிரதப் பாதையில், இறுதி நிலையமாகிய பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1924ஆம் ஆண்டு இப்பாதை பதுளையை அடைந்தபின், ஊவா மலைச்சரிவுகளில் விளைந்த தேயிலை புகையிரதத்திலேயே கொழும்பு நோக்கி இறங்கலாயிற்று. இன்று ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டமொன்றில் வாழும் பெண்ணுக்கு மார்பிலோ கருப்பையிலோ புற்றுநோய் காணப்படின், அவள் பதுளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவை நாடுகிறாள். அன்றேல் அதே பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் பயணஞ்செய்து கொழும்பை அடைந்து மகரகமை வைத்தியசாலைக்குச் செல்கிறாள். அங்கு அவள் உட்கொள்ளும் மருந்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவளுடைய தாயும் பாட்டியும் வாழ்ந்த லயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரு வரலாறுகளும் ஒரு வினாவிற் சந்திக்கின்றன. பிள்ளை பெறுதல் பற்றிய முடிவில் அப்பெண்ணுக்கு உரிய பங்கு யாது என்பதே அவ்வினா. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் தாய்மையும்

கோப்பிப் பயிர் நோயினால் அழிந்தபின் இலங்கை மலைநாட்டில் தேயிலை வேரூன்றியது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே போதுமானதாயிருந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். கொழுந்தெடுக்கப் பெண்களின் கைகளை வேண்டி நின்றது. எனவே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்தோர் காலப்போக்கிற் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைபெற்றனர். கொழுந்துக்கூடையைச் சுமந்தவளே கருவையும் சுமந்தாள். மலையில் வேலைசெய்யும் தாயின் குழந்தை பிள்ளைமடுவத்தில் வளர்ந்தது.

தொழிலாளரின் உடல்நலம் பற்றி ஆட்சியாளர் சட்டமியற்றாமல் இருந்தனரல்லர். தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவ வசதிகள் குறித்து 1872ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1912ஆம் ஆண்டிலும் சட்டங்கள் பிறந்தன. 1916 முதல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடந்தது. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சி உழைப்பைக் குறைத்தது. கருவுற்ற பெண்ணிடத்து அதே குருதிக்குறைவு பேற்றுக்கால மரணத்துக்கு வழிவகுத்தது. எனினும், தொழிலாளி நலமாயிருந்தால் தோட்டம் நலமாயிருக்கும் என்னும் கணக்கே இம்முயற்சிகளின் அடிப்படையாக நின்றது.

இவ்வகையில் 1939ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புலம்பெயர்வதைத் தடைசெய்தது. அதே ஆண்டிலேயே இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் இயற்றப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததெனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும், கடல் கடந்து புதிய கைகள் வாராத காலத்தில், தோட்டத்தின் நாளைய உழைப்பு லயத்துத் தாயரின் வயிற்றிலிருந்தே வரவேண்டியதாயிற்று என்பது மறுக்கவொண்ணாதது. பெண்ணின் கருவளம் இவ்வாறு தோட்டத்துப் பேரேட்டின் பொருளாகவும் அமைந்தது.

வீட்டிலும் அதற்கு வேறொரு கணக்கு இருந்தது. பிள்ளையில்லாதவள் மங்கல காரியங்களில் முன்னிற்கத் தயங்குவதும், 'மலடி' என்னும் சொல் அவளைக் காலமெல்லாம் பின்தொடர்வதும், மாரியம்மன் கோவில் மரத்தில் அவள் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்வதும் தமிழர் வாழ்விற் புதியனவல்ல. ஆகவே, ஒரு மருந்து கருவளத்தைப் பாதிக்கும் என்பது இச்சமூகத்துப் பெண்ணுக்கு ஒரு பக்கவிளைவு என்னும் அளவில் நின்றுவிடுவதில்லை. அவளுடைய சமூக இடத்தையே அசைப்பதாகிறது.

குருதிச்சோகையிலிருந்து பிறந்த மருந்து

புற்றுநோய் மருந்துகளுள் முதன்மையான ஒன்றின் வரலாறு, வியப்புக்குரிய வகையில், ஏழைத் தொழிலாளப் பெண்களின் பேற்றுக்காலக் குருதிச்சோகையிலேயே தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் இந்தியாவுக்கு வந்து, பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் தோன்றிய கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். நீலகிரியிலுள்ள குன்னூரிலும் சென்னையிலும் அவரது ஆய்வு தொடர்ந்தது. அரிசியும் எளிய உணவுமே உண்டு வாழ்ந்த அப்பெண்களுக்கு, மாமைற் என வழங்கும் நொதிச்சாறு நல்ல குணமளித்ததை அவர் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் அடங்கியிருந்த பொருளே பின்னாளிற் போலிக் அமிலம் என அறியப்பட்டது. இன்று தோட்டத்துத் தாய்சேய் நலக் கிளினிக்குகளிற் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளுள் அதுவும் ஒன்று.

போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணியை 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பராவ். ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் அவர். உயிர்க்கலங்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாததாயின், அதனைப் போலத் தோற்றமளித்து அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலிப் பொருளொன்று கலப் பெருக்கத்தைத் தடுக்கவேண்டுமன்றோ? சுப்பராவின் குழுவினர் ஆக்கிய அத்தகைய பொருளான அமினொப்டெரினைப் பொஸ்டன் நகரின் சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் அவர் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சுப்பராவ் காலமானார். அமினொப்டெரினின் உறவு மருந்தாகிய மெதொட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

தாயின் வயிற்றிலுள்ள கருவை வளர்க்கும் பொருளின் பகைப்பொருளே இவ்வாறு மருந்தாயிற்று. ஆதலின் அம்மருந்து கருவுக்குப் பகையாவது இயல்பே. 1950களின் தொடக்கத்தில் அமினொப்டெரின் கருக்கலைப்புக்காகவும் கொடுத்துப் பார்க்கப்பட்டது; கலையாமற் பிறந்த குழந்தைகள் சில உறுப்புக் குறைபாடுகளுடன் காணப்பட்டன. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இத்தகைய மருந்துகளைத் தவிர்க்கவேண்டும் என்னும் விதி இவ்வாறான துயர அனுபவங்களிலிருந்தே உருவானது.

போர்க்களத்திலிருந்து வந்த மருந்து

இரசாயனச் சிகிச்சையின் மற்றொரு கிளை போர்க்களத்திலிருந்து வந்தது. முதலாம் உலகப்போரில் 1917ஆம் ஆண்டு கடுகு வாயு பயன்படுத்தப்பட்டது. அதற்குப் பலியானோரின் உடல்களிற் குருதியின் வெண்கலங்கள் அருகியிருந்ததும் என்பு மச்சை அழிந்திருந்ததும் 1919இல் எழுதப்பட்டன. விரைந்து பெருகும் கலங்களை அழிக்கவல்ல இந்நஞ்சைப் புற்றுநோய்க் கலங்களின்மீது ஏவலாமா என்னும் எண்ணம் இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் செயலுருப்பெற்றது. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், அல்பிரட் கில்மன் ஆகியோரின் ஆய்வின் பயனாக, கடுகு வாயுவின் உறவுப் பொருளாகிய நைதரசன் மஸ்ரட் நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்கு ஏற்றப்பட்டது. போர்க்கால இரகசியங் காரணமாக அம்முடிவுகள் 1946இலேயே வெளிவந்தன.

அதன்பின் ஈராண்டுகளுக்குள், அதாவது 1948இல், நோயியல் அறிஞரான சோபி ஸ்பிட்ஸ் இம்மருந்தைப் பெற்று இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, ஆண்களின் விதைகளில் விந்து உற்பத்தி பெரும்பாலும் நின்றுபோயிருந்ததை எடுத்துக்காட்டினார். சிட்னி பார்பரின் வெற்றிச் செய்தி வந்ததும் அதே ஆண்டிலாகும். மருந்தின் நன்மையும் அதன் விலையும் ஏறத்தாழ ஒரே காலத்திலேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்திருந்தன என்பது இதனாற் பெறப்படும். எனினும், அந்நாளில் இச்சிகிச்சை பெற்றோர் மாதக்கணக்கிலேயே உயிர்வாழ்ந்தனர். நாளை இருப்போமா என்று ஏங்குபவனிடம் நாளை பிறக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவார் இலர். கருவளம் பற்றிய வினா பிற்போடப்பட்டமைக்கு இதுவே தலையாய காரணம்.

சூலகத்தில் நிகழ்வது யாது?

வரலாற்றை மேலும் தொடருமுன், இம்மருந்துகள் எவ்வாறு கருவளத்தைத் தாக்குகின்றன என்பதைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமாகும். ஆண்மகனின் விதைகளிற் பூப்பெய்திய காலந்தொட்டு விந்துக்கள் இடையறாது உற்பத்தியாகின்றன. மருந்து விரைந்து பெருகும் கலங்களை அழிக்கும்போது விந்து உற்பத்தி நின்றுபோகிறது. மூலக்கலங்கள் எஞ்சியிருப்பின் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் அது மீளலாம். அவையும் அழிந்துவிடின் மீள்வதில்லை.

பெண்ணின் நிலை வேறு. அவள் பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்குரிய சூல்முட்டைகள் அனைத்தையும் உடன்கொண்டு பிறக்கிறாள். பிறப்பில் ஏறத்தாழ 10 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை இருப்பவை, பூப்பெய்தும்போது 3 முதல் 4 இலட்சமாகக் குறைகின்றன. அவற்றுள்ளும் ஏறத்தாழ 400 மட்டுமே முதிர்ந்து வெளிவருகின்றன. குதிரில் உள்ள விதைநெல்லைப் போன்றது இச்சேமிப்பு. அள்ளினாற் குறையுமேயன்றி மீண்டும் நிறையாது. சைக்ளோபொஸ்பமைட் முதலான மருந்துகள் உறங்கிக்கிடக்கும் முட்டைகளையும் தாக்கி இச்சேமிப்பைக் குறைத்துவிடுகின்றன. இருபது வயதுப் பெண்ணிடம் குதிர் நிறைந்திருப்பதால், ஒரு பங்கு போனாலும் மாதவிடாய் மீண்டும் தொடங்கலாம். நாற்பதை அண்மித்தவளிடம் எஞ்சியதும் போய், மாதவிடாய் நிலையாகவே நின்றுவிடலாம். எனவே மருந்தின் வகை, அதன் மொத்த அளவு, நோயாளியின் வயது ஆகிய மூன்றுமே விளைவைத் தீர்மானிக்கின்றன.

சூலகம் செயலிழத்தல் மகப்பேற்றை மட்டுமே பாதிப்பதன்று. பெண்மைக்குரிய ஓமோன்கள் உரிய காலத்துக்குமுன் குன்றுவதால் உடலில் வெப்ப அலைகள், உறக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி என்பன தோன்றுகின்றன. காலப்போக்கில் எலும்புகள் உறுதி இழக்கின்றன. செங்குத்தான மலைச்சரிவில் நாள்தோறும் கூடை சுமந்து ஏறியிறங்கும் பெண்ணுக்கு எலும்பின் உறுதி என்பது அவளது நாட்கூலியோடு தொடர்புடையது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவளுக்கு இவ்விடயத்திற் கவலையில்லை என எண்ணுவது எத்துணைப் பிழை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

வினா மாறியபோது மருந்தும் மாறியது

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கருவுற்றபின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் கொடிய புற்றுநோய், இளம் பெண்களைச் சில மாதங்களுள் மாய்த்துவந்தது. அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ரோய் ஹேட்ஸ் ஆகியோர் மெதொட்ரெக்சேட் கொண்டு அதனைக் குணப்படுத்திக் காட்டினர். நோய்த்தடம் குருதியிலிருந்து முற்றாக மறையும்வரை மருந்தை நிறுத்தலாகாது என்று லீ வற்புறுத்தியமை அந்நாளில் மிகையெனக் கருதப்பட்டு அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்க நேரிட்டது. பின்னர் 1972இல் அதே பணிக்காக அவர் லாஸ்கர் பரிசு பெற்றார். இச்சிகிச்சையின் மற்றொரு சிறப்பு, கருப்பையை அகற்றாமலே நோய் தீர்ந்தமையாகும். குணமடைந்த பெண்கள் பலர் பின்னர் நலமான குழந்தைகளைப் பெற்றனர். இரசாயனச் சிகிச்சை எல்லா வேளையிலும் கருவளத்தின் பகையன்று, சில வேளை அதன் காவலனுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மருந்துக்கு மருந்து தீங்கின் அளவு வேறுபடும் என்பதற்கு நித்தியகல்யாணியும் சான்று பகரும். இலங்கையின் வீட்டு முற்றங்களிலும் கோவில் வாயில்களிலும் பூக்கும் அச்செடியிலிருந்து 1950களின் இறுதியிற் கனடாவில் வின்பிளாஸ்டீன் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவான வின்கிறிஸ்டீன் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதலிடம் பெற்றது. இவை சூலகத்துக்கும் விதைகளுக்கும் இழைக்கும் தீங்கு நைதரசன் மஸ்ரட் இனத்தினுடையதைவிடக் குறைவானதாகும்.

1960களில் ஹொட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்தளிக்கும் 'மொப்' முறையை வின்சன்ட் டிவீட்டாவும் அவரது குழுவினரும் உருவாக்கினர். அதன் பயன் 1970இல் வெளியிடப்பட்டபோது, மரணம் உறுதியென இருந்த நோய் குணமாகும் நோயாயிற்று. குணமடைந்தோரோ பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் மணமுடித்தனர், பிள்ளையை எதிர்பார்த்தனர். அப்போதுதான் இருபது ஆண்டுகளுக்குமுன் பிணக்கூறாய்வில் எழுதப்பட்ட உண்மை உயிருள்ள மனிதரின் துயராக உருவெடுத்தது. 'மொப்' பெற்ற ஆண்களுட் மிகப் பெரும்பாலோர் விந்தற்றவராயினர் என்பதை 1973 தொடக்கம் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சைக்ளோபொஸ்பமைட் பெற்ற சிறுநீரக நோயாளரிடத்தும் இதே பாதிப்பு 1972இல் அறிவிக்கப்பட்டது.

இதே காலப்பகுதியில் மிலான் நகரின் ஜானி பொனடொன்னா வேறு நான்கு மருந்துகளைச் சேர்த்து 'ஏ.பி.வி.டி.' என்னும் முறையை அமைத்து 1975இல் வெளியிட்டார். பின்னர் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, புதிய முறை நோயைக் குணப்படுத்துவதிற் பின்தங்கவில்லை என்பதும், அதனைப் பெற்றோரிடத்துக் கருவளம் பெரும்பாலும் மீண்டது என்பதும் தெளிவாயின. காலப்போக்கில் 'மொப்' வழக்கிறங்கியது. வரலாற்று நோக்கில் இம்மாற்றம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மலட்டுத்தன்மை உயிர் பிழைத்தமைக்குக் கொடுத்தேயாகவேண்டிய விலை என மருத்துவர் அமைதி கண்டிருப்பின் இம்மாற்றம் பொருளுடையதாயிராது. நோயாளர் வினவினர், அறிஞர் அளந்தனர், மருந்து மாறியது.

காக்கும் வழிகள்

சிகிச்சைக்குமுன் கருவளத்தைக் காக்கும் வழிகளும் படிப்படியாகத் தோன்றின. உறையவைத்த விந்தினால் முதற் குழந்தைகள் பிறந்த செய்தி 1953இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. உறையவைத்த சூல்முட்டையிலிருந்து குழந்தை பிறந்த செய்தி 1986இல் வெளியாயிற்று. 1997இற் பெல்ஜியத்தில் ஹொட்ஜ்கின் நோயுற்ற இளம்பெண் ஒருவரின் சூலகத் திசு, இரசாயனச் சிகிச்சைக்குமுன் எடுக்கப்பட்டு உறையவைக்கப்பட்டது. நோய் தீர்ந்து ஆண்டுகள் கழிந்தபின் அது மீண்டும் அவருடலிற் பொருத்தப்பட, 2004இல் அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது சூலகத்தைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் ஊசிமருந்து, அதன் செயலிழப்பை ஓரளவு குறைக்கவல்லது என்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான நிபந்தனை ஒன்றுண்டு. இவை சிகிச்சைக்கு முன்னரோ, அது தொடங்கும் வேளையிலோ செய்யப்படவேண்டும். முதல் ஊசி ஏறியபின் உணர்ந்து பயனில்லை. அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கம், கருவளம் பற்றிச் சிகிச்சைக்குமுன் நோயாளருடன் பேசுவது மருத்துவரின் கடமை என 2006இல் நெறி வகுத்தமைக்கு இதுவே காரணமாகும். 1948இல் அறியப்பட்ட உண்மை, நோயாளரிடம் சொல்லப்படவேண்டிய கடமையாக எழுத்தில் வடிவம்பெற ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

ஊவாத் தோட்டங்களில்

இப்பின்னணியில் ஹாலிஎலையை நோக்கின், அங்கு இவ்வினா வேறொரு வரலாற்றுச் சுமையுடன் எழுவதைக் காணலாம். தோட்டப் பெண்ணின் கருவளம் பற்றிய முடிவுகளிற் பிறர் கை நுழைந்தது புற்றுநோய் மருந்தோடு அன்று. 1958இற் சுவீடன் நாட்டின் உதவியுடன் இலங்கையிற் குடும்பத் திட்டமிடல் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட களங்களுள் ஒன்று டயகம தேயிலைத் தோட்டமாகும். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980இற் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு ஊக்குவிப்புப் பணம் வழங்கத் தொடங்கி, அதனை 500 ரூபாவாக உயர்த்தியது. அன்றைய தோட்டக் கூலியிற் பல நாள் உழைப்புக்கு ஈடான தொகை அது.

இவ்வறுவைச் சிகிச்சையால் நன்மை பெற்ற பெண்கள் பலர் என்பதை மறுப்பது நேர்மையாகாது. அடுத்தடுத்த பேறுகளால் நலிந்த தாய்க்கு அது ஓய்வளித்தது. எனினும், தற்காலிக முறைகள் போதியளவு விளக்கப்படாமல் நிரந்தர முறையே முன்வைக்கப்பட்டமையும், வறுமையில் வாடுபவளுக்குப் பணம் காட்டப்பட்டமையும் ஆய்வாளர் பலராற் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பிரிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தில், இவ்வறுவைச் சிகிச்சை இனத்தைக் குறைக்கும் சூழ்ச்சியோ என்னும் ஐயம் எழுந்தமை வியப்பன்று. அவ்வையத்தின் உண்மை பொய் எவ்வாறாயினும், சொல்லாமற் செய்தலும் அரைகுறையாகச் சொல்லிச் செய்தலும் மருத்துவத்தின்மீதே நம்பிக்கையிழப்பை விளைவித்தன என்பது வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.

இன்று நிலைமை பலவகையில் முன்னேறியுள்ளது. 1980இற் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. 1996 முதற் சுகவனிதையர் கிளினிக்குகள் மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதித்து வருகின்றன. 2017 முதற் பாடசாலைச் சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி அளிக்கப்படுகிறது. அரச வைத்தியசாலைகளிற் புற்றுநோய் மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதெனினும், ஏழைக்கும் சிகிச்சை உண்டு என்னும் இலங்கையின் கொள்கை போற்றுதற்குரியது.

ஆயினும் இலவசமாகக் கிடைப்பது மருந்தேயன்றி விளக்கமன்று. சூல்முட்டையையோ விந்தையோ உறையவைக்கும் வசதிகள் பெரிதும் தலைநகரையும் தனியார் துறையையும் சார்ந்துள்ளன. கொழுந்தெடுப்பவளின் கூலிக்கு அவை எட்டாதவை. அதனினும் முதன்மையான தடை மொழியாகும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. நடைமுறையிலோ நோயாளியின் குறிப்பேடு ஆங்கிலத்திலும், மருத்துவரின் பேச்சுப் பெரும்பாலும் சிங்களத்திலும், நோயாளியின் அச்சம் தமிழிலும் அமைந்துவிடுகின்றன. 'மருந்து ஏற்றினால் முடி கொட்டும்' என்பது லயம் முழுவதும் அறிந்த செய்தி. கண்ணுக்குத் தெரியும் இழப்பு அது. கண்ணுக்குத் தெரியாத சூலகத்தின் இழப்பைப் பற்றி யாரேனும் வாய்விட்டுச் சொன்னாலன்றி அவள் அறியமாட்டாள்.

அவளுக்குச் சொல்லப்படவேண்டியவை மிகப் பலவல்ல. இம்மருந்து கருவளத்தைப் பாதிக்கக்கூடுமா, எந்த அளவுக்கு என்பது ஒன்று. சிகிச்சைக் காலத்தில் மாதவிடாய் நின்றாலும் கரு தங்கக்கூடும். அது கருவுக்குத் தீங்காகுமாதலால் அக்காலத்திற் கருத்தடை தேவை என்பது மற்றொன்று. சிகிச்சை முடிந்து மருத்துவர் குறிக்கும் காலம் கழிந்தபின் கருத்தரிக்கும் பெண்ணின் பிள்ளை, அம்மருந்தினால் ஊனமாகப் பிறக்கும் என்னும் அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை என்பது மூன்றாவது. முன்னரே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவளாயினும், மாதவிடாய் முந்தி நிற்பதால் வரும் எலும்புத் தேய்வு முதலியவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பது நான்காவது. இவற்றைச் சொல்ல விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தமிழறிந்த ஒரு தாதியோ, தோட்டத்து மருத்துவிச்சியோ, எளிய தமிழில் அச்சிட்ட ஒரு சிறு துண்டுப்பிரசுரமோ போதும்.

முடிவுரை

பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்ணின் குருதிச்சோகை மருத்துவ உலகுக்குப் போலிக் அமிலத்தைத் தந்தது. போலிக் அமிலத்தின் பகைப்பொருள் புற்றுநோயை எதிர்க்கும் மருந்தைத் தந்தது. அம்மருந்து இன்று ஊவாவின் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் நாளத்தில் ஏறுகிறது. உழைக்கும் பெண்ணின் உடலிலிருந்து பெற்ற அறிவு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து உழைக்கும் பெண்ணிடமே மருந்தாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அம்மருந்தைப் பற்றிய முழு அறிவும் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

உயிரா கருவளமா என்னும் நிலை வருமாயின் பெரும்பாலோர் உயிரையே தெரிவர், அத்தெரிவு நியாயமானதே. பிள்ளையுள்ளவள் இருக்கும் பிள்ளைக்காக வாழ விரும்புவாள். பிள்ளையில்லாதவளும் வாழ்வதற்கு உரியவளே. பெண்ணின் மதிப்பைத் தொட்டிலைக் கொண்டு அளக்கும் சமூக மனப்பான்மையும் மாறியே ஆகவேண்டும். எனினும் தெரிவு என்பது இரண்டையும் அறிந்தபின் செய்யப்படுவதாகும். அறியாதவளிடமிருந்து பெறப்படும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ தெரிவாகாது. தோட்டத்துப் பெண்ணின் கருவளத்தை ஒரு காலத்திற் தோட்டத்தின் கணக்கேடு தீர்மானித்தது. பிறிதொரு காலத்தில் அரசின் சனத்தொகைக் கணக்கு தீர்மானிக்க முயன்றது. பதுளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் முதல் ஊசி ஏறுமுன், அவளுடைய மொழியில் அவளிடம் பேசப்படும் சில நிமிடங்களே அத்தீர்மானத்தை அவளிடம் மீட்டுக் கொடுக்கவல்லன.